சிரிக்கும் எலும்புக்கூடும் பொத்தான் கண் அம்மாவும்

பேய்ப் படம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், "ராத்திரி தூங்குவியா?" என்று வீட்டில் கேட்பார்கள். பேய்க் கார்ட்டூன் என்றால் அந்தக் கேள்விகூட வராது. சின்னப் பிள்ளைகள் பார்ப்பதுதானே என்று விட்டுவிடுவார்கள். அப்படி எளிதாக விடப்படும் இரண்டு படங்களைப் பற்றி எழுதுகிறேன். இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, அமெரிக்கரான ஹென்றி செலிக். ஒன்று 1993-இல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்'. மற்றொன்று 2009-இல் வந்த 'கொரலைன்'.

இரண்டுமே ஸ்டாப் மோஷன் முறையில் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் இருட்டு, ஆவி, ஊசி, நூல், உடைந்து விழும் பொம்மைகள் எல்லாம் உண்டு. ஆனால் அடுத்தடுத்துப் பார்த்தால் இவை நேர் எதிரான இரண்டு செய்திகளைச் சொல்வது தெரியும். முதல் படம், முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே என்கிறது. இரண்டாவது படம், முகத்தைப் பார்த்து நம்பிவிடாதே என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயம் தந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கதையை உடைத்தாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 'நைட்மேர்' படத்தை டிம் பர்ட்டன் இயக்கினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படத்தின் தலைப்புக்கு மேலேயே பர்ட்டனின் பெயர் இருக்கிறது. டிஸ்னியில் வேலை செய்த இளமைக் காலத்தில் அவர் எழுதிய ஒரு கவிதையிலிருந்து பிறந்த கதை அது. பாத்திரங்களும் அவர் வரைந்தவையே. தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். ஆனால் படம் உருவான காலத்தில் அவர் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வேலையில் மூழ்கியிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஸ்டுடியோவில் நின்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்தப் பொம்மைகளை நடக்கவும் பாடவும் வைத்த குழுவை நடத்தியவர் செலிக். 2009-இல் 'கொரலைன்' சுவரொட்டிகளில் 'நைட்மேர் பட இயக்குநரிடமிருந்து' என்று அச்சிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, இதுவும் பர்ட்டன் படம்தான் என்று நினைத்தவர்கள் ஏராளம்!

இது அமெரிக்காவில் மட்டும் நடப்பதில்லை. சாங் கஞ்சில் கதை தெரியாத மலேசிய மாணவர் இருக்க முடியாது. நம் நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படமாகச் சொல்லப்படுவது 1983-இல் வந்த 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. ஃபிலெம் நெகாராவுக்காக அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரை உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டாப் மோஷன் என்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பொம்மையின் கையை ஒரு நூலளவு நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, மறுபடி எடு. திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். 'நைட்மேர்' 76 நிமிடப் படம். பெருக்கிப் பாருங்கள், ஒரு லட்சத்தைத் தாண்டும். எலும்புக்கூடு நாயகன் ஜேக்குக்கு மட்டும் வெவ்வேறு முகபாவங்களோடு நூற்றுக்கணக்கான தலைகள் செய்து வைத்திருந்தார்கள். 'கொரலைன்' வந்தபோது அதே வேலைக்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது. நெற்றிப் பகுதியையும் வாய்ப் பகுதியையும் தனித்தனியாக அச்சிட்டு, மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே தெரியும் கோட்டைக் கணினியில் அழித்தார்கள். ஆனால் அந்தப் பெண் போட்டிருக்கும் குட்டி ஸ்வெட்டர் கையால் பின்னியதுதான். அல்தியா குரோம் என்ற கலைஞர் நம்ப முடியாத அளவுக்கு மெல்லிய ஊசிகளால் அதைப் பின்னினார். தோட்டத்தில் பூத்துக் குலுங்கும் மரத்தின் பூக்கள் எவை தெரியுமா? வண்ணம் பூசிய சோளப்பொரி!

எங்கள் பாயான் பாருவில் இப்படிப்பட்ட வேலையைப் பார்த்து யாரும் வாய் பிளக்கமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் 1970களிலிருந்து நடப்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பொருளை, அசையாமல் உட்கார்ந்து, மணிக்கணக்கில் சரிபார்ப்பது. என் அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே சில்லுகளைப் பார்க்கும் வேலை செய்கிறார். 12 மணி நேர ஷிஃப்ட். பாதி மாதம் பகல், பாதி மாதம் இரவு. அம்மாவைப் பற்றி ஏன் இங்கே சொல்கிறேன் என்பது 'கொரலைன்' பற்றிப் பேசும்போது புரியும்.

நல்ல மனசுள்ள பயங்கர முகங்கள்

'நைட்மேர்' நடப்பது ஹாலோவீன் என்ற ஊரில். அங்கே வசிப்பவர்கள் எல்லாரும் பேய்கள், சூனியக்காரிகள், இரத்தக் காட்டேரிகள். ஆண்டுக்கு ஒருநாள் மனிதர்களைப் பயமுறுத்துவதுதான் அவர்களுக்குத் தொழில். அவர்களின் தலைவன் ஜேக் ஸ்கெலிங்டன். தொழிலில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே அவனுக்குச் சலித்துப்போகிறது. காட்டில் திரியும்போது தற்செயலாகக் கிறிஸ்மஸ் ஊருக்குள் விழுகிறான். பனி, விளக்கு, பரிசு, பாட்டு எல்லாவற்றையும் பார்த்து மயங்கி, இந்த ஆண்டு கிறிஸ்மஸை நாமே நடத்துவோம் என்று முடிவெடுக்கிறான்.

ஹாலோவீன் நமக்கு அந்நியம் என்று ஒதுக்க வேண்டாம். பினாங்கில் வளர்ந்தவர்களுக்குச் சீனர்களின் ஏழாம் மாதம் தெரியும். சந்தைக்கு அருகே மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டு, கூத்தும் பாட்டும் நடத்துவார்கள். பக்கத்தில் காகிதத்தில் செய்த தாய் சூ யா சிலை நிற்கும். பெரிய கண்கள், சினந்த முகம், ஆளைவிடப் பல மடங்கு உயரம். சிறுவயதில் அதைக் கடக்கும்போது நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் அவர் அங்கே நிற்பது நம்மைப் பயமுறுத்த அல்ல, திரியும் ஆவிகளை ஒழுங்காக வைத்திருக்க. நம் முனீஸ்வரரும் அப்படித்தான். உருட்டிய விழி, முறுக்கிய மீசை, கையில் அரிவாள். தோட்டப்புறத்தில் எல்லையில் நின்று காவல் காக்கும் சாமி. முகம் பயங்கரம், வேலை பாதுகாப்பு.

ஜேக்கின் ஊரும் இதே வகை. அங்கே யாரும் கெட்டவர்கள் அல்ல. ஒருவருக்கொருவர் கைதட்டி, பாராட்டி, கூட்டம் போட்டு வாழ்கிறார்கள். கிறிஸ்மஸ் பரிசு செய்யச் சொன்னால் ஆர்வத்தோடு செய்கிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்த பரிசு பாம்பும் வெட்டிய தலையும்தான். ஏழாம் மாத விழாவை நடத்தும் குழுவிடம் நம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை ஒப்படைத்து, அவர்களும் மனதாரக் காகிதக் கார்களையும் ஊதுபத்திக் கட்டுகளையும் விருந்தினர்களுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் படத்தின் நகைச்சுவை.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. ஜேக் கிறிஸ்மஸைப் 'படிக்கிறான்'. நூல்களைப் புரட்டுகிறான், பொம்மையை அறுத்துப் பார்க்கிறான், அலங்கார உருண்டையைப் பொடியாக்கிச் சோதிக்கிறான், கரும்பலகையில் சூத்திரம் எழுதுகிறான். எல்லாம் மனப்பாடம், எதுவும் விளங்கவில்லை. எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய வாரத்தில் கூடுதல் கணிதத்தோடு நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. கடைசியில் அவன் விளங்காமலேயே களத்தில் இறங்குகிறான். சவப்பெட்டியில் ஏறி, எலும்பு மான்கள் இழுக்க, வானில் பறந்து பரிசு போடுகிறான். பிள்ளைகள் அலறுகிறார்கள். இராணுவம் சுட்டு வீழ்த்துகிறது.

படத்தில் உண்மையான வில்லன் ஒருவன் இருக்கிறான், பூச்சிகள் நிறைந்த சாக்குமூட்டை மாதிரி. எனக்கு அவன் ஒட்டவே இல்லை. சூதாட்டக் கூடம் போன்ற நிலவறையில் பாட்டுப் பாடிவிட்டுப் பிரிந்து உதிர்ந்துபோகிறான். கதைக்கு ஒரு சண்டை தேவை என்பதற்காக வைத்ததுபோல் இருக்கிறது. படத்தின் உண்மையான ஆபத்து அவனல்ல, ஜேக்கின் நல்லெண்ணம்தான். அதையும் படம் மன்னித்துவிடுகிறது. விழுந்தவன் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். பிள்ளைகளுக்கு இது பயங்கரமாக இருக்கும் என்று தயங்கித்தான் டிஸ்னி தன் பெயரைப் போடாமல் டச்ஸ்டோன் என்ற துணை நிறுவனத்தின் பெயரில் இதை வெளியிட்டது. இன்று பார்த்தால் அந்தத் தயக்கம் வேடிக்கையாகத் தெரிகிறது. என் தங்கை பாதிப் படத்தில் முறுக்கு தின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்பான முகத்தின் பயங்கரம்

அடுத்த நாள் இரவு 'கொரலைன்' போட்டேன். பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட். தங்கை படிவம் 1 படிக்கிறாள். இருபது நிமிடம் கழித்து முறுக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

நீல் கெய்மன் 2002-இல் வெளியிட்ட சிறுநாவலைத் தழுவி செலிக் தாமே திரைக்கதை எழுதிய படம் இது. கொரலைன் ஜோன்ஸ் என்ற 11 வயதுப் பெண் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். அப்பா அம்மா இருவரும் தோட்டக்கலைப் பட்டியல் ஒன்றை எழுதுகிறார்கள். செடிகொடிகளைப் பற்றி நாள் முழுக்க எழுதும் அவர்களுக்குச் சொந்தத் தோட்டத்தில் கால் வைக்க நேரமில்லை. மகள் பேசினால் கணினியிலிருந்து தலை நிமிராமல் பதில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு விபத்துக்குப் பிறகு கழுத்தில் பட்டை. அப்பா சமைக்கும் கீரைக் குழம்பு மாதிரியான ஒன்றை யாராலும் விழுங்க முடியாது. கடையில் மகள் ஆசைப்பட்ட வண்ணக் கையுறையை அம்மா வாங்கித் தர மறுக்கிறார்.

வீட்டில் ஒரு சிறிய கதவு. அதற்குள் தவழ்ந்து போனால் இதே வீடு, ஆனால் பிரகாசமாக இருக்கிறது. இதே அம்மா, ஆனால் சிரிக்கிறார். அடுப்பில் கோழி வறுபடுகிறது. மேலே தொங்கும் சரவிளக்கிலிருந்து மாம்பழ மில்க்ஷேக் இறங்கி வருகிறது. அப்பா பியானோ வாசிக்கிறார். ஒரே ஒரு வித்தியாசம்தான். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள்.

இந்த இடத்தில்தான் தங்கை கேட்டாள்: "அக்கா, இந்த அம்மா எப்பவும் சமைச்சுக்கிட்டே இருக்காங்களே, இவங்களுக்கு வேலையே இல்லையா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அம்மா காலையில் வந்து, குளித்து, நாங்கள் பள்ளிக்குக் கிளம்புவதைப் பாதிக் கண்ணோடு பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார். அறைக் கதவு மூடியிருக்கும். சத்தம் போடக்கூடாது. சாப்பாடு பெரும்பாலும் முதல் நாள் குழம்பு, இல்லாவிட்டால் கடையில் கட்டிய சோறு. வேலை, களைப்பு, மூடிய கதவு. கொரலைன் வீட்டின் முதல் பாதி எங்கள் அடுக்குமாடி வீடுதான். வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள எந்த வீடும்தான்.

செலிக் இதை வசனத்தில் சொல்லாமல் இடத்தில் சொல்கிறார். நிஜ வீட்டின் அறைகளை ஆழமில்லாமல், சுவர்கள் நெருக்குவதுபோல் கட்டினார்கள். மற்ற உலகத்தின் அதே அறைகளை ஆழமாகக் கட்டினார்கள். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கதவைத் தாண்டியதும் மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருந்திருக்கும். பெண் ஏன் அங்கே திரும்பத் திரும்பப் போகிறாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விலை பிறகுதான் வருகிறது. ஒரு சிறிய பெட்டி, அதற்குள் இரண்டு பொத்தான்கள், ஊசி, நூல். கண்களைக் கொடுத்துவிட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டால் எப்போதும் இங்கேயே இருக்கலாம். அதைச் சொல்லும்போதும் அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. உன் நன்மைக்காகத்தான் என்ற பாவனை.

நம் கதைகளில் இவளுக்கு அக்காள் முறை வேண்டிய ஒருத்தி இருக்கிறாள். கண்ணனைக் கொல்லக் கம்சன் அனுப்பிய பூதனை. கோரைப் பல்லோடு வரவில்லை. அழகிய பெண்ணாக வந்து, குழந்தையை வாரி எடுத்து, மடியில் வைத்துப் பால் கொடுத்தாள். நஞ்சு தாய்ப்பாலில் இருந்தது. மலாய்க்காரர்களின் பொந்தியானாக்கும் கோர உருவத்தோடு எதிரே வந்து நிற்பதில்லை. முதலில் பூ வாசம், பிறகு அழகிய பெண். பழைய கதை சொன்னவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த மற்ற அம்மா ஊசிக் கால்களோடு சிலந்தியாக மாறுவது படத்தின் பயங்கரமான காட்சி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்போது பயம் குறைந்துவிட்டது. சிலந்தியைக் கண்டால் ஓடலாம். கோழிக்கறி பரிமாறும் கையைக் கண்டு யார் ஓடுவார்கள்?

நம் வயதுக்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் முன்பின் தெரியாத ஒருவர், "உன்னை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை, நான் இருக்கிறேன்" என்று எழுதும்போது அவருடைய படமும் சிரித்த முகமாகத்தான் இருக்கும்.

இரு படங்களையும் இணைக்கும் ஒரு பொருள் ஊசி. 'நைட்மேர்' படத்தில் சேலி என்ற துணிப்பொம்மைப் பெண் வருகிறாள். ஒரு விஞ்ஞானி அவளைத் தைத்து உருவாக்கி வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறான். அவன் சூப்பில் நச்சு மூலிகை கலந்து தூங்க வைத்துவிட்டு அவள் தப்புகிறாள். மாடியிலிருந்து குதித்துக் கை கால் பிய்ந்தால், தானே ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொள்கிறாள். 'கொரலைன்' படத்தில் ஊசி இன்னொருவர் கையில் இருக்கிறது. படத்தின் முதல் காட்சியே, ஊசி விரல்கள் ஒரு பழைய பொம்மையைப் பிரித்து, வாயை அறுத்து, வேறு ஒருத்தியின் சாயலில் தைப்பதுதான். பின்னால், சோகமாக நிற்கும் ஒரு பையனின் வாயைச் சிரிப்பாகத் தைத்துவிடுகிறாள் அந்த அம்மா. பொம்மைகளை விருப்பப்படி ஆட்டிவைப்பதுதான் செலிக்கின் தொழில். தன் தொழிலையே வில்லியின் தொழிலாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 16 ஆண்டுகளில் அவருக்குத் துணிச்சல் கூடியிருக்கிறது.

'கொரலைன்' குறையே இல்லாத படமா? இல்லை. நாவலில் இல்லாத வைபி என்ற பையனைச் செலிக் சேர்த்தார். கொரலைன் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்க முடியாது, பேச்சுத்துணை தேவை என்பது காரணம். அது சரிதான். ஆனால் முடிவில், துரத்தி வரும் அந்த வெட்டுண்ட கையோடு போராடும்போது அவன் சைக்கிளில் வந்து காப்பாற்றுகிறான். நாவலில் அந்தப் பெண் பொம்மைகளை வைத்து விளையாடுவதுபோல் பாவனை செய்து, தானே திட்டமிட்டு, தனியாக அந்தக் கையைக் கிணற்றுக்குள் விழ வைப்பாள். எனக்கு நாவலின் முடிவுதான் பிடிக்கும். தமிழ்ப் பள்ளி நூலகங்களில் ஆங்கில நூல் அலமாரிக்கு ஏதாவது வாங்கும் திட்டம் இருந்தால் இந்தச் சிறுநாவலை யோசிக்கலாம்.

நிஜ அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். முடிவில் அவர் தேவதையாக மாறிவிடுவதில்லை. கழுத்துப் பட்டை அப்படியே இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் மறுத்த அந்தக் கையுறை மகளுக்கு வந்து சேர்கிறது. எந்த இசையும் முழங்காமல் அந்தக் காட்சி கடந்துபோகும். கவனிக்காவிட்டால் தவறிவிடும்.

அந்த மற்ற அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று கொரலைன் கறுப்புப் பூனையிடம் கேட்கிறாள். அன்பு செலுத்த ஓர் உயிர் வேண்டியிருக்கலாம், அல்லது தின்ன ஏதாவது வேண்டியிருக்கலாம் என்கிறது பூனை. படம் அதற்குமேல் விளக்கம் தருவதில்லை. "தின்னத்தான்!" என்று தங்கை அடித்துச் சொல்கிறாள். பிடித்து வைத்த பிள்ளைகளின் ஆவிகளைச் சாட்சிக்கு இழுக்கிறாள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. இந்த வாதம் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் நடக்கிறது, அம்மா தூங்கும் நேரம் தவிர.